கருப்புக் குடைக்குக் கேதம்

என் தம்பி மிக்கேலை நான் சாகடித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு, தேயிலை ஃபாக்டரி ஆபீசில், நீல மைப் பேனாவால். அவன் அந்த நேரத்தில் முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஆனைக்கரை ரிசார்ட் ஒன்றின் சமையல்கட்டில் யாருக்கோ மீன் பொரித்துக்கொண்டிருந்திருப்பான். எனக்கு வேறு வழியில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ‘கருப்புக் குடை’ தொடரின் கடைசி எபிசோடு.

பதினோரு வருடம் ஓடிய தொடர். ஒரு மலை ஊர், அதில் வரிசையாகக் கொலைகள். கொலைகாரன் ஒவ்வொரு முறையும் ஒரு கருப்புக் குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி வருவான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குடை உண்டு, வீட்டுக்குள்ளேகூட உண்டு. குடைக்குக் கீழே இரண்டு ஷூ மட்டும் தெரியும். அந்த ஷூவுக்கு மேலே இருப்பது யார் என்பதுதான் மொத்தக் கதையும்.

இன்ஸ்பெக்டர் ஆதவன் பதினோரு வருடமாக அவனைத் தேடினார். தேடிய நேரத்தைவிட ஜன்னல் ஓரமாக நின்று யோசித்த நேரம் அதிகம். நடுவில் ஆதவனுக்கே மூன்று முறை ஆள் மாறியது. ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று அடியில் எழுத்து ஓடும். மறுநாள் உயரமும் குரலும் மாறிப்போன புருஷனைப் பார்த்து அவர் மனைவி தாமரை, கொஞ்சம்கூடத் திடுக்கிடாமல், காபி வேண்டுமா என்று கேட்பாள். ஒரு பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகுவதற்கு நான்கு மாதம் ஆனது. தாமரை இரண்டரை வருடம் கர்ப்பமாக இருந்தாள். எங்கள் தேயிலைக் காட்டுக்கு வந்துபோகும் யானைகள்கூட அவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம், அந்தத் தொடரில் செத்தவர்கள் செத்ததோடு நிற்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு மழை நாளில் வாசலில் வந்து நிற்பார்கள். உடனே வீட்டிலிருக்கும் ஒவ்வொரு முகத்தையும் மூன்று மூன்று முறை, இடிச் சத்தத்தோடு காட்டுவார்கள். வேலைக்காரியையும் விட மாட்டார்கள்.

இவ்வளவு பேசுகிறவள் ஏன் பார்த்தாய் என்று கேட்பவர்கள், எதையும் பதினோரு வருடம் விடாமல் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். நான் ஒரு நாள் விட்டதில்லை. என் மகள் ஷீனாவின் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அவள் கைக்கு மருதாணி வைத்துக்கொண்டே பார்த்தேன். ஒரு விரலுக்கு வைக்காமலே விட்டுவிட்டேன். ஃபாக்டரியில் இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் மறுநாள் காலை பதினோரு மணிக்கு மறுஒளிபரப்புப் பார்ப்பேன். அதுவரைக்கும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளின் வாசல்களை இரண்டு காதையும் பொத்திக்கொண்டுதான் கடப்பேன். கதையை யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். குடைக்குக் கீழே இருப்பது யார் என்று என் கண்ணால்தான் நான் பார்க்க வேண்டும், இன்னொருத்தர் வாயால் கேட்கக் கூடாது. பதினோரு வருடத்தில் நான் ஆண்டவரிடமும் சேனல்காரர்களிடமும் கேட்டது அந்த ஒன்றுதான்.

மிக்கேலோடு பேச்சு நின்றுபோனதும் அதனால்தான். லயத்தில் இது யாருக்கும் தெரியாது. ஆனைக்கரையில் அவன் வாங்கிய ஐந்து சென்ட் இடத்தில் ஏதோ பாகத் தகராறு என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. சொத்துச் சண்டை என்றால் ஒரு மரியாதை இருக்கிறது.

முதல் ஐந்து வருடம் நாங்கள் ஒன்றாகத்தான் பார்த்தோம். அவன் அப்போது எங்கள் வீட்டில் இருந்தான். தரையில் நான், கட்டில் விளிம்பில் அவன், நடுவில் அவித்த மரச்சீனிக் கிழங்கு. விளம்பரம் வந்தால் போதும், கொலைகாரன் யார் என்று அடித்துக்கொள்வோம். பிறகு அவனுக்கு ரிசார்ட்டில் வேலை கிடைத்து ஆனைக்கரைக்குப் போனான். அங்கே அவன் போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டான். எங்களுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வரும் எபிசோடு அதில் காலை ஆறு மணிக்கே வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கருப்புக் குடை தாமரையைத் தாக்கி, அவள் கோமாவில் கிடந்தாள். மூன்று மாதம் கிடந்தாள். நான் அந்தோணியார் கோவிலில் அவளுக்காக ஒன்பது செவ்வாய் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டேன். யாருக்காக என்று சாமியார் கேட்டார். சொந்தக்காரப் பெண், கோமாவில் கிடக்கிறாள் என்றேன். அவரும் பூசையில் தாமரை என்ற சகோதரிக்காக ஜெபித்தார். ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது மிக்கேல் போன் செய்தான்.

“யக்கா, மெழுகுதிரிய வீணாக்காத. தாமரை காலைலயே செத்துட்டா” என்று சொல்லிச் சிரித்தான்.

நான் பஸ் ஸ்டாப்பிலேயே அழுதேன். ராத்திரி எபிசோடு வந்தபோது லயமே அழுதது, எனக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. என்னுடைய அழுகையை அவன் மத்தியானமே பிடுங்கிவிட்டான். அவன் நம்பரை அன்றைக்கே பிளாக் செய்தேன். இரண்டு வருடம் கழித்துத் தாமரை ஒரு மழை நாளில் வாசலில் வந்து நின்றாள். மிக்கேல் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

கடைசி எபிசோடு வரும் வாரம், கூட்டாக வேலை செய்யும் எங்கள் பதினான்கு பேருக்கும் இரண்டாம் ஷிப்ட், மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை. மழைக்குப் பிறகான சீசன் என்பதால் கொழுந்து வந்து குவிகிறது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. போனைக் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆறிலிருந்து எட்டு வரை நாடே குடையைத் தூக்கிப் பார்க்கும்போது நாங்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு தேயிலைத் தூள் சலித்துக்கொண்டிருப்போம். பத்து மணிக்கு வெளியே வந்தால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனே சொல்லிவிடுவான். அவனுக்கு வாய் நிற்காது.

எல்லோரும் லீவு கேட்டோம். டீ மேக்கர் ஜிபின் சார் எல்லோருக்கும் முடியாது என்றார். டீ மேக்கர் என்றால் டீ போடுகிறவர் இல்லை, ஃபாக்டரியின் பொறுப்பே அவர்தான். முப்பது வயது ஆகாத மலையாளிப் பையன், நல்ல மாதிரி. தமிழ்த் தொடர் பார்க்காததுதான் அவரிடம் குறை.

“சேச்சிமாரே, சீசன் அல்லே? சொந்தம் வீட்டில் மரணம் உண்டெங்கில் மாத்ரம் லீவு” என்றார்.

எங்களில் ஒருத்தியான சுருளியம்மாள் உடனே தன் மாமியாரைச் சாகடித்தாள். ஜிபின் சார் லீவு ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார்.

“இந்த அம்மாயியம்ம ரெண்டாயிரத்து இருபத்திரெண்டில் மரிச்சதல்லே?”

“அது மூத்த மாமியாரு சார்.”

“ஹஸ்பெண்டுக்கு எத்ர அம்ம உண்டு?”

சுருளியம்மாள் சல்லடைக்குத் திரும்பினாள். இது வெள்ளிக்கிழமை நடந்தது. நான் அன்றைக்கு ராத்திரி முழுக்க யாரைச் சாகடிக்கலாம் என்று யோசித்தேன். அப்பா அம்மா உண்மையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ரிஜிஸ்டரிலும் இருக்கிறார்கள். புருஷன் மத்தியாஸ் தினமும் கேட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர், எல்லோரும் பார்க்கிறார்கள். மகளை நினைக்கவே மனசு கூசியது. மிச்சம் மிக்கேல். என் மனதில் அவன் செத்து ஆறு வருடம் ஆகிவிட்டது, அதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப் போகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை எழுதிக் கொடுத்தேன். ஜிபின் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“எங்ஙன சேச்சீ?”

“ஹார்ட்டு சார். மதுர ஆஸ்பத்திரில. பாடி திங்கக்கெழமதான் ஆனக்கரைக்கு வருது.”

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்க வேண்டுமே, அதற்காகப் பாடியை மதுரையிலேயே வைத்தேன். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் அழுது காட்டலாம் என்று நினைத்திருந்தேன், ஆனால் நான் கூப்பிடாமலே கண்ணீர் வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று நாள் லீவை வாங்கிக்கொண்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை போய், செத்தது வேறொரு மிக்கேல், தகவல் தப்பு என்று சொல்லிவிடலாம். ஆனைக்கரையில் மிக்கேல்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வந்த கையோடு போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே ஆப்பில் பார்த்துவிடும் ஜென்மங்கள் எதையாவது அனுப்பிவைத்தால் எல்லாம் பாழ்.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். முப்பது வருடமாக அதே ஃபாக்டரியில் இருந்துகொண்டு மறந்துபோனேன். எங்கள் எஸ்டேட்டில் ஒரு தொழிலாளியின் ரத்த உறவு இறந்தால், கூட வேலை செய்கிறவர்கள் கேதம் கேட்டுத் துக்க வீட்டுக்குப் போவதற்காக ஷிப்டின் கடைசி மூன்று மணி நேரம் விடுப்பு உண்டு. பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் யூனியன் வாங்கிய உரிமை அது. சீசன் நேரத்தில் அதை யாரும் எடுப்பதில்லை. பேருக்கு ஒருத்தரை அனுப்பிவைத்துவிட்டு மற்றவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். என் அப்பா செத்தபோது இரண்டே பேர்தான் வந்தார்கள். மிக்கேலுக்குப் பதின்மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க, யாரும் வந்துவிடாதபடி கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். சாயங்காலம் மத்தியாஸை மாத்திரை வாங்க வண்டிப்பெரியார் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். அவர் இருந்தால், இவன் யார், அவள் யார் என்று நடுவில் கேட்டுக்கொண்டே இருப்பார். வெளியே மழை. ஆறு மணிக்கு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கிழங்கு அவித்து வைத்திருந்தேன். கட்டில் விளிம்பு காலியாக இருந்தது. ஆறு வருடமாகக் காலியாகத்தான் இருக்கிறது, அன்றைக்கு ஏனோ கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். விடைபெறும்போதும் கஞ்சத்தனம். ஏழு மணிக்குமேல்தான் கதை நகர்ந்தது. சந்தேகப்பட்ட பதினோரு பேரும் பட்டுப்புடவையும் கோட்டும் போட்டுக்கொண்டு ஒரு பங்களாவில் கூடினார்கள். கேட்டுக்கு வெளியே குடை தெரிந்தது. அப்போது எங்கள் லயத்துக்குக் கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஜீப். முன்னால் யூனியன் கன்வீனர் முனீஸ்வரன், கையில் மலர்வளையம். பின்னால் என் ஷிப்ட் மொத்தமும். டிவியை அணைத்தேன், கொண்டையை அவிழ்த்துவிட்டேன், கிழங்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இவ்வளவும் செய்து முடிப்பதற்குள் வாசலில் ஒப்பாரி கேட்டது. ஒப்பாரி வைத்தது என் புருஷன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, வழியில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

“எம் மாப்ள போயிட்டானே கத்தரீனா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே நீயி.”

“ஒங்களுக்குப் பிரஷரு இருக்குல்ல. அதான் சொல்லல” என்றேன்.

அதைக் கேட்டு இன்னும் பெரிதாக அழுதார். மிக்கேலைச் சின்ன வயதில் தோளில் வைத்து ஸ்கூலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர். எனக்கு அப்போதுதான் முதல் முறையாக வெட்கமாக இருந்தது. இப்போது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு ஜிபின் சார் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

முனீஸ்வரன் மலர்வளையத்தைச் சுவரில் சாய்த்தார். வெளியே வேலியில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். ஷீனா கல்யாணத்தில் எடுத்த படத்தில் மிக்கேல் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான், கீழே கண்ணீர் அஞ்சலி. இதையே சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் எல்லா குரூப்புக்கும் அனுப்பிவிட்டதாக முனீஸ்வரன் பெருமையோடு சொன்னார். அரிசிப் பானையைப் பார்த்தேன். அது பேசாமல் இருந்தது.

எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். துக்க வீட்டில் டிவி போடக் கூடாது, பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வந்த அத்தனை பேருடைய கண்ணும் டிவி மேலேயே இருந்தது. அதன் மூலையில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மணி என்ன?” என்று கேட்டாள் சுருளியம்மாள்.

“ஏழு இருவத்தஞ்சு.”

பெருமூச்சு விட்டாள். அது மிக்கேலுக்காக விட்ட மூச்சு இல்லை.

பக்கத்து வீட்டு பிலோமியும் என் ஷிப்ட்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள். “மிக்கேலண்ணனுக்கு இந்த நாடகம்னா உசுரு. கடசி எபிசோடப் பாக்காமலே போயிட்டாரே.”

“ஆமா, கொடுத்து வைக்கல” என்றார்கள் நாலைந்து பேர்.

“அவரு ஆத்மாவாவது பாக்கட்டும்னு தோணுது” என்றாள் பிலோமி.

எல்லோரும் முனீஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரு மரியாதைக்குப் போடலாம். சத்தத்தக் கொறச்சு வச்சுக்கிட்டாப் போச்சு.”

“அங்ஙன ஒரு ஆச்சாரம் உண்டோ?” என்று ஜிபின் சார் கேட்டார்.

“எங்காளுகள்ல உண்டு சார்” என்றார் முனீஸ்வரன், கண்ணிமைக்காமல்.

மத்தியாஸ் அழுதுகொண்டே எழுந்தார். “எம் மாப்ளைக்காகப் போடுறேன்” என்று தன் கையாலேயே டிவியைப் போட்டார். துக்கம் கேட்க வந்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது நிமிஷம் சுருளியம்மாள் சத்தம் கேட்கவில்லை என்றாள். ஐந்தாவது நிமிஷம் கட்டிலுக்கு அடியிலிருந்த கிழங்கை யாரோ கண்டுபிடித்துச் சுற்றுக்கு விட்டார்கள். ஜிபின் சாருக்கு பிலோமி பதினோரு வருடத்துக் கதையையும் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நடுநடுவே, “அப்போ ஈ தாமர மரிச்சில்லே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவிழ்த்த முடியோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்து, வந்ததும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். தனியாகப் பார்ப்பதற்கு இது மேல்.

ஏழு ஐம்பத்தி இரண்டுக்குப் பங்களாவில் விளக்கு அணைந்தது. மின்னல் வெட்டியது. வாசலில் குடை வந்து நின்றது. நாலாவது ஆதவன் துப்பாக்கியை நீட்டினார். “போதும். குடையைத் தூக்கு” என்றார்.

உடனே விளம்பரம். சோப்பு, நகைக்கடை, மறுபடியும் அதே சோப்பு.

விளம்பரம் முடிந்தது. குடை மெல்ல மேலே எழுந்தது. சட்டையின் முதல் பொத்தான் தெரிந்தது. அடுத்தது கழுத்து தெரிய வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் வாசல் கதவு திறந்தது. மழைச் சாரலோடு ஒரு கருப்புக் குடை, தாழ்த்திப் பிடித்தபடி, உள்ளே வந்து நின்றது. கீழே இரண்டு ஷூ.

சுருளியம்மாள் போட்ட கூச்சலில் ஜிபின் சார் சிலுவை போட்டுக்கொண்டார். குடை மடங்கியது. உள்ளே மிக்கேல் நின்றான்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பதினாறு முகம். யாரையும் விடவில்லை. பதினோரு வருடமாக நான் காறித் துப்பிய காட்சி அது.

மிக்கேல் குடையை உதறிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். “எங்க பாடி? மதுரையில இருந்து வந்துருச்சா? நாந்தான மொதல்ல பாக்கணும்” என்றான்.

மத்தியாஸ் பாய்ந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டார், கன்னத்தில் இரண்டு அறை விட்டார், மறுபடியும் கட்டிக்கொண்டார். முனீஸ்வரன் மலர்வளையத்தை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “ஒரு போன் பண்ணிருக்கலாமேப்பா” என்றார்.

“யாருக்கு? அக்கா நம்பரு பிளாக்குல. ஒங்கள்ல மூணு பேருக்கு அடிச்சேன். செத்தவன் நம்பருல இருந்து போன் வந்தா எவன் எடுப்பான்? ரிசார்ட்ல எம் மொதலாளி எங்கிட்டயே வந்து ஒங்க குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபம்னு சொல்லிட்டுப் போறாரு.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து கிளம்பின. அதற்கு நடுவில் பிலோமிதான் முதலில் திரும்பி டிவியைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் திரும்பினோம். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒப்பனை, உடை, உணவு, வாகனம். பின்னால் ஒரு காலித் தரையில் குடை மட்டும் கிடந்தது.

“யாரு? யாருன்னு யாராவது பாத்தீகளா?” என்றாள் சுருளியம்மாள்.

யாரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் வாசலைப் பார்த்திருக்கிறோம்.

பதினோரு வருடம். கல்யாணப் பெண்ணின் விரலை விட்டேன், புருஷனை அழவைத்தேன், கூடப்பிறந்தவனைப் பேனாவால் கொன்றேன். எதற்காகச் செய்தேனோ அது என் முதுகுக்குப் பின்னால் பத்து விநாடியில் நடந்து முடிந்துவிட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு என் தம்பியிடம் நான் பேசிய முதல் வார்த்தை இது:

“நாசமாப் போறவனே, அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?”

“செத்துத் திரும்புனவன்கிட்டப் பேசுற பேச்சா இது?”

“ஆப்புல காலைலயே பாத்திருப்ப. யாருன்னு ஒனக்குத் தெரியும். சொல்லிறாத. வாயத் தொறந்த, இப்பவே நெசமா அடக்கம் பண்ணிருவேன். மலர்வளையம்லாம் ரெடியா இருக்கு.”

“சொல்லுங்கண்ணே, அக்கா காதப் பொத்திக்கட்டும்” என்று பின்னாலிருந்து நாலைந்து குரல் வந்தது.

மிக்கேல் தலையைத் துவட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். “எனக்கென்ன தெரியும்? நான் பாத்தே ஆறு வருசமாச்சு. தாமரை செத்ததோட விட்டுட்டேன்.”

“ஏம்ல?”

“பாத்துட்டு யார்ட்டச் சொல்ல?” என்றான். அப்புறம், “ஆதவன் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?” என்று கேட்டான்.

தாமரை உயிரோடு இருப்பது இந்த உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. அவன் மேல் எனக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு பிரியம், இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

கூட்டம் சீக்கிரமே கலைந்தது. கீழே போய் யாரையாவது பிடித்துக் கொலைகாரன் பெயரைக் கேட்டாக வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். முனீஸ்வரன் மலர்வளையத்தை மிக்கேலிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஃபிளெக்ஸையும் அவன் அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டான். கண்ணீர் அஞ்சலி என்ற பட்டையை வெட்டிவிட்டால் போட்டோ நன்றாக இருக்கிறதாம். ஜிபின் சார் மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

“சேச்சீ, மெமோ வரும். அது வேற காரியம். பட்சே ஒண்ணு. மிக்கேல் ரிஜிஸ்டரில் மரிச்சு. வெட்டி எழுதான் பற்றில்லா. இனி அயாள் மரிச்சால் லீவு இல்லா.”

ரிஜிஸ்டரில் செத்தவனை அடித்து எழுத முடியாதாம். ஆக, அவனை உயிரோடு வைத்துக்கொள்வதுதான் எனக்கு இனி ஒரே வழி.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுஒளிபரப்பு வந்தது. இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, அதன் முன்னால் உட்கார்ந்தேன். பங்களாவில் விளக்கு அணைந்தது. குடை வந்து நின்றது. சோப்பு விளம்பரம் போனது. முதல் பொத்தான் தெரிந்தபோது டிவியை அணைத்துவிட்டேன். தனியாகப் பார்க்க மனது வரவில்லை. அவன் இல்லாமல் பார்த்த ஆறு வருடமும் உப்பில்லாத சோறுதான், தின்று முடித்துவிட்டேன் என்பதற்காகக் கடைசி வாயையும் அப்படியே விழுங்க வேண்டுமா?

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு, தொடர் வரும் அதே நேரத்துக்கு, அரிசிப் பானையிலிருந்து எடுத்து அவன் நம்பரின் பிளாக்கை நீக்கி வைத்திருந்த போன் அடித்தது.

“யக்கா, கோமாவுல செத்தவ எப்பிடிப் பொழச்சா?”

“அவசரப்படாத. முந்தி அவ சவப்பெட்டிய ஆதவன் எதுக்குத் தொறந்தாருன்னு கேளு” என்று ஆரம்பித்தேன்.

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. தினமும் அரை மணி நேரம் சொல்கிறேன். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் காலை பதினோரு மணிக்குச் சொல்கிறேன். நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுப் போனை வைத்துவிடுவேன், அவன் அந்தப் பக்கம் கெஞ்சுவான். மெழுகுதிரிக்கு அது ஈடு. பென் டிரைவைச் செருகும் கட்டத்துக்கு வந்திருக்கிறோம், அதை நான்கு மாதமாக இழுப்பதா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஃபாக்டரியில் பதின்மூன்று பேருக்கும் கொலைகாரன் யாரென்று தெரியும். என் முன்னால் பெயரைச் சொல்கிறவளுடைய மாமியார் கதைகளை எல்லாம் ஜிபின் சாரிடம் எடுத்துச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். பஞ்சும் கைவசம் இருக்கிறது.

நேற்று மிக்கேல் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான். “கடசியில குடைக்குள்ள யாருக்கா? நீ மறுநாளே பாத்திருப்பல்ல?”

“பாத்தேன். சொல்ல மாட்டேன். அது வரும்போது வரும்” என்றேன்.

நான் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லிவிடுவான்.